நோர்டாலுக்கு டேட்டா சென்டர் வேண்டாமாம்

எங்கள் ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் கோபம்தான் வரும். அறுபத்து மூன்று வருஷமாக இவர்களோடுதான் குப்பை கொட்டுகிறேன். அதில் இருபத்தாறு வருஷம் ஊர் அலுவலகத்தில் கிளார்க்காக. தங்கமான மனிதர்கள், அதில் சந்தேகமே இல்லை. யாருடைய காராவது பனியில் சிக்கினால், சொந்தக் கல்யாணத்துக்குப் போகிறவன்கூட இறங்கித் தள்ளுவான். ஆனால் "உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள், வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள்.

என் பெயர் வெர்னா. மினசோட்டாவில் நோர்டால் என்ற ஊர். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க், மூடிப்போன ஒரு வெண்ணெய்த் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையின் சுவரை ஒட்டி ஊருக்குச் சொந்தமான நீச்சல் குளம், கூரைக்கு உள்ளே. வெளியே மூக்கு உறைந்து போகிற குளிரில் வந்து, உள்ளே வெதுவெதுப்பான தண்ணீரில் இறங்கினால் அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல!

போன அக்டோபரில் குளத்தின் கொதிகலன் வெடித்துச் செத்தது. புதிது வாங்க ஊருக்கு வக்கில்லை. தண்ணீர் ஐம்பத்தோரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியது. அதில் வாத்துகூட யோசித்துத்தான் இறங்கும். குளத்தை மூடிவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு போனது, அவ்வளவுதான். எனக்கு உயிரே போனது. என் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. எலும்பும் எலும்பும் உரசுகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இதயம் இருக்கிற நிலையில் ஆபரேஷனும் கூடாதாம். தண்ணீருக்குள் மட்டும்தான் வலிக்காமல் நடக்க முடியும். தினம் ஒரு மணி நேரம் குளத்துக்குள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடப்பேன், அதை வைத்துத்தான் மிச்ச நாளை ஓட்டுவேன். குளம் மூடிய பிறகு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தால் இறங்கிக்கொண்டிருந்தேன். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. "எப்படி இருக்கே வெர்னா?" என்றால் "குறை ஒண்ணும் இல்ல" என்பேன். இந்த ஊரில் ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த நிலைமையில்தான் ஜனவரியில் ஹேலோநெஸ்ட் என்ற கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டேட்டா சென்டர் கட்ட இடம் தேடுகிறார்களாம், எங்கள் வெண்ணெய்த் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டுமாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். அறுபது பேர் வந்திருந்தார்கள். கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் மூன்று தட்டு, நான்கு தட்டு எலுமிச்சைக் கேக், ஒரு அண்டா நிறையக் காபி.

கம்பெனியிலிருந்து வந்தவன் பெயர் எமிலியோ. கலிபோர்னியாக்காரன், முப்பது வயதிருக்கும். ஜனவரி மாதத்தில் நோர்டாலுக்குத் துணி ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததுமே ஊரில் பாதிப் பேருக்கு அவன்மேல் பாசம் வந்துவிட்டது.

"எங்க லிஸ்ட்ல அஞ்சு இடம் இருக்கு" என்று திரையில் படம் போட்டான். "முதல் இடம், விண்வெளி. பூமியைச் சுத்திக்கிட்டே இருக்கும். ராத்திரியே கிடையாது, எப்பவும் வெயில். கரண்ட்டுக்குப் பஞ்சமே இல்ல."

பால் மாடு வைத்திருக்கும் ஆர்லோ கையைத் தூக்கினான். அவனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து படித்தவர்கள். "அங்க ஃபியூஸ் போச்சுன்னா யாரு தம்பி ஏறுவா?"

"ரோபோ சரி பண்ணும் சார்."

"ரோபோவுக்கு ஃபியூஸ் போச்சுன்னா?"

எமிலியோ கொஞ்சம் தண்ணீர் குடித்தான். "ரெண்டாவது இடம், கடலுக்கு அடியில. மூணாவது, ஒரு பழைய உப்புச் சுரங்கம். நாலாவது, மினியாபொலிஸ்ல ஒரு முப்பத்திரண்டு மாடிக் கட்டடம். எல்லாரும் வீட்லேர்ந்தே வேலை செய்றதால சும்மா கெடக்கு."

"அங்க பார்க்கிங் எப்படி?" என்று கேட்டாள் மேவிஸ். எங்கள் மேயர் கெர்ஹார்டின் மனைவி.

"டேட்டாவுக்குப் பார்க்கிங் தேவைப்படாது மேடம்."

"அப்பச் சரி. அந்த ஊர்ல பார்க்கிங் தேடித் தேடியே என் தங்கச்சி ஒரு கல்யாணத்தைக் கோட்டை விட்டா. கேக் வெட்றப்பதான் உள்ள போனா."

"விண்வெளிதான் சில்லுனு இருக்குமே" என்று மறுபடியும் ஆர்லோ. "அங்கயே வச்சுக்க வேண்டியதுதானே?"

"சில்லுனுதான் சார் இருக்கும். ஆனா காத்து கெடையாது. கம்ப்யூட்டர் கக்குற சூட்டைத் தூக்கிட்டுப் போக அங்க ஆளே இல்ல."

"காத்துன்னா இங்க வா" என்றான் ஆர்லோ பெருமையாக. போன வாரம்தான் அவனுடைய கொட்டகைக் கூரையைக் காற்று பக்கத்து ஊரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தது.

எமிலியோவுக்கு முகம் மலர்ந்தது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! அஞ்சாவது இடம், உங்க வெண்ணெய்த் தொழிற்சாலை. சுவர் ரெண்டு அடி கனம், சத்தம் வெளிய வராது. வருஷத்துல ஏழு மாசம் உங்க காத்து எங்களுக்கு ஓசி ஏ.சி. வர்ற சூட்டை எங்க கொட்டுறதுன்னு தெரியாம எல்லா ஊர்லயும் முழிக்கிறாங்க. இங்க அந்தக் கவலையே இல்ல. சுவர்ல ரெண்டு ஓட்டை, நாலு குழாய். மொத்தச் சூடும் உங்க நீச்சல் குளத்துக்கு. இருபது வருஷம், இலவசமா."

மேஜைக்கு அடியில் இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காபி சூடு என்று துடைத்துக்கொண்டேன். மண்டபத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் ஊரில் சந்தோஷம் என்றால் என்ன, இருமுவார்கள். அறுபது பேரும் இருமினார்கள்.

எமிலியோ நேராக நின்று, கெர்ஹார்டைப் பார்த்து, "உங்க ஊருக்கு இது வேணுமா சார்?" என்று கேட்டான்.

கெர்ஹார்டு எழுந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். எழுபத்து நான்கு வயது, ஆறடி இரண்டங்குலம், கூச்சம் பிடுங்கித் தின்னும். "அய்யய்யோ, வேணாம் தம்பி. எங்களுக்காக நீங்க எதுக்கு இவ்வளவு சிரமப்படணும்?" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மிக நன்றாகச் சொன்னார் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் ஊரில் முதல் தடவை கேட்டவுடனே சரி என்பவன் அலைகிறவன். முதல் தடவை "வேணாம், சிரமப்படாதீங்க." இரண்டாம் தடவை "இருக்கட்டும், உங்களுக்கு வேணுமே." மூன்றாம் தடவை "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால ஒரு சின்னத் துண்டு மட்டும்." கேக்குக்கும் இதுதான், கல்யாணத்துக்கும் இதுதான். அடுத்த கேள்விக்காக அறுபது பேரும் ஆவலாகக் காத்திருந்தோம்.

எமிலியோ லேப்டாப்பை மூடினான். "மனசுல பட்டதை வெளிப்படையா சொன்னதுக்கு ரொம்ப நன்றி. உங்க முடிவை நான் மதிக்கிறேன்" என்றான். கெர்ஹார்டின் கையைப் பிடித்துக் குலுக்கினான். தட்டில் ஒரே ஒரு எலுமிச்சைக் கேக் மிச்சம் இருந்தது. "எடுத்துக்கோ தம்பி" என்று மேவிஸ் பேச்சுக்குச் சொன்னாள். "தேங்க்ஸ் மேடம்" என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டான்.

மேவிஸ் நெஞ்சில் கை வைத்தாள். எங்கள் ஊரில் கடைசித் துண்டு கேக்கை யாரும் தொடமாட்டார்கள். அது தட்டிலேயே காய்ந்து மறுநாள் கோழிக்குப் போகும்.

"பேப்பர் ஏதாவது எடுக்கக் காருக்குப் போயிருப்பான்" என்றார் கெர்ஹார்டு.

"ஆமா, ரெண்டாவது தடவை கேக்கறதுக்குத் தனிப் பேப்பர் இருக்கும்" என்றான் ஆர்லோ.

காத்திருந்தோம். கெர்ஹார்டு அடுத்த மறுப்பை ஒத்திகை பார்த்தார். "'வேற நல்ல ஊர் பாருங்க தம்பி'ன்னு சொல்லட்டுமா? இல்ல, கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கோ?"

"'எங்க கட்டடம் அவ்வளவு சுத்தமா இருக்காது'ன்னு சொல்லுங்க. அடக்கமா இருக்கும்" என்றாள் மேவிஸ்.

நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் அறுபது பேர் ஒரு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான்தான் ஜன்னலுக்குப் போனேன். வெளியே கார் இல்லை. பனியில் டயர்த் தடம் மட்டும் இருந்தது, அதன்மேலும் புதுப் பனி விழுந்துகொண்டிருந்தது.

"போயிட்டான்" என்றேன்.

"போயிட்டானா? ஒரு தடவைதானே கேட்டான்!" கெர்ஹார்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஃபோன் பண்ணுங்க. எங்களுக்கு வேணும்னு சொல்லுங்க."

மண்டபமே என்னை ஒரு மாதிரி பார்த்தது. "நாமளா கூப்பிட்டா? வேணும்னா?" என்றார் கெர்ஹார்டு. "நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க வெர்னா?"

"ஒண்ணும் நினைக்க மாட்டாங்க! குளத்துக்குச் சூடு குடுப்பாங்க!"

"சரி சரி, பார்ப்போம்" என்றார். எங்கள் ஊரில் பார்ப்போம் என்றால் சமாதி கட்டியாயிற்று என்று அர்த்தம். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி அண்டாவைத் தூக்கிக் கவிழ்த்திருப்பேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

ஆர்லோவின் பசு ஒன்று கன்று போடும் நிலையில் இருந்ததால் அவன் மட்டும் உடனே கிளம்பினான். மற்றவர்கள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் விடைபெற ஆரம்பித்தார்கள். நான் அலுவலக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கம் எதற்கு, நன்றாகவே அழுதேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஃபோன் அடித்தது. ஆர்லோ.

"வெர்னா, அந்தப் பையன் என் வீட்ல இருக்கான்."

"என்னது?"

"என் வீட்டுக்கு முன்னாடி ரோட்டு வளைவுல கார் பள்ளத்துல இறங்கிடுச்சு. டிராக்டர் வச்சு இழுத்துப் போட்டேன். நாப்பது டாலரை நீட்டினான். வேணாம்பான்னேன். உடனே பாக்கெட்டுல வச்சுக்கிட்டான் வெர்னா! ஒரு வார்த்தை மறுபடி கேக்கல."

"நீ என்ன பண்ணின?"

"நான் என்ன பண்றது, கையை நீட்டினபடியே நின்னேன். அப்புறம் வீட்ல வந்து காபி குடிக்கிறியான்னு சும்மா ஒப்புக்குக் கேட்டேன். 'குடிக்கிறேன் சார்'னுட்டான். முதல் தடவையே! என் பொண்டாட்டி இன்னும் அதிர்ச்சியிலேர்ந்து வெளிய வரல."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தப் பையனுக்குச் சூதுவாது கிடையாது. வேண்டும் என்றால் அவனுக்கு வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். இப்படியும் மனிதர்கள் இருப்பார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்காவது தோன்றியிருந்தால்தானே! காரை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

ஆர்லோவின் அடுப்படியில் எமிலியோ உட்கார்ந்திருந்தான். துணி ஷூ அடுப்புக்குப் பக்கத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. காலில் ஆர்லோவின் கம்பளிச் சாக்ஸ், முழங்கால் வரைக்கும்.

"தம்பி" என்று ஆரம்பித்தேன். "நீ ஏன் ஒரே ஒரு தடவை கேட்டுட்டுக் கிளம்பிட்டே?"

"அது எங்க கம்பெனி சட்டம் மேடம். முன்னாடி ஒரு ஊர்ல, அவங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல எங்க ஆளுங்க பதினோரு தடவை போய்க் கேட்டிருக்காங்க. கடைசியில அந்த ஊர்க்காரங்க எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு லாரி சாணியைக் கொட்டிட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து ஒரு தடவைதான். வேண்டாம்னா வேண்டாம்தான்."

"பதினோரு தடவையா?" என்றான் ஆர்லோ. "மூணோட நிறுத்தியிருந்தா நல்ல பேரு கெடைச்சிருக்குமே."

"தம்பி, சில ஊர்ல, சில பேரு, வேணாம்னு சொன்னா..." என்று நானும் இழுத்தேன். ஊரைத் திட்டுகிறேனே, நான் மட்டும் எங்கே வளர்ந்தேன்? "அதாவது, இப்ப ஒருத்தருக்குப் பசிக்குதுன்னு வச்சுக்க. நீ சாப்பாடு போடறே. அவரு உடனே தட்டை எடுத்துக்க மாட்டாரு, இல்லையா?"

"ஏன் மேடம்? பசிக்குதுல்ல?"

நானும் ஆர்லோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னொரு தடவை கேளு தம்பி. அது போதும்" என்றேன்.

"நான் கேக்கக் கூடாது மேடம். வேலை போயிடும். உங்க ஊர் 'வேண்டாம்'னு சொல்லிடுச்சுன்னு அப்பவே அனுப்பிட்டேன். இன்னிக்கு மதியம் ரெண்டு மணிக்கு ராக்கெட் கம்பெனியோட கையெழுத்து. விண்வெளிதான்." அவன் முகம் வாடிப்போயிற்று. "எனக்கு உங்க ஊர்தான் பிடிச்சிருந்தது. அங்க போய் எனக்கு மேற்பார்வை வேலை. எனக்கு லிஃப்ட்ல போனாலே தலை சுத்தும்."

"வேற வழியே இல்லையா?"

"நீங்களா கூப்பிட்டு, வேணும்னு சொன்னா நான் கேட்டுக்கலாம். ஆனா அதுக்கும் ஒரு முறை இருக்கு. ஊர்த் தலைவர் நாலு பேர் முன்னாடி, 'வேணும்'ங்கிற வார்த்தையைத் தெளிவா மூணு தடவை சொல்லணும். நடுவுல ஒவ்வொரு தடவையும், யாராவது வற்புறுத்தினாங்களான்னு நான் கேக்கணும். அவசரப்பட்டுச் சொல்லிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாதுன்னு."

மணி பன்னிரண்டரை. ஷூ காயும் வரை காத்திருக்க நேரமில்லை. ஆர்லோவின் மாட்டுக்கொட்டகைப் பூட்ஸை மாட்டி விட்டு அவனைக் காரில் ஏற்றினேன். பசுவைப் பொண்டாட்டி பொறுப்பில் விட்டுவிட்டு ஆர்லோவும் ஏறிக்கொண்டான்.

"எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்களே மேடம்?" என்று வழியில் கேட்டான்.

"போயிருக்க மாட்டாங்க" என்றேன்.

போகவில்லைதான். அறுபது பேரும் கோட்டும் தொப்பியும் கையுறையுமாக மண்டபத்து வாசலில் நின்று இன்னும் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். "சரி, அப்பக் கிளம்பறேன்" என்று கெர்ஹார்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் கதவிலிருந்து நான்கு அடி நகர்ந்திருப்பார். எங்கள் ஊரில் கிளம்பறேன் என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பினால் சண்டை என்று அர்த்தம்.

எல்லோரையும் உள்ளே தள்ளி உட்கார வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். எமிலியோ ஃபோனை நீட்டிப் பிடித்தான். சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொன்னால் திரை பச்சையாகுமாம், அப்போதே ராக்கெட் கையெழுத்து நின்றுவிடுமாம்.

"சொல்லுங்க கெர்ஹார்டு" என்றேன். "ஒரே வார்த்தை."

கெர்ஹார்டு எழுந்தார், தொண்டையைச் செருமினார். "மோசம்னு சொல்ல முடியாது" என்றார்.

திரை சாம்பல் நிறமாகவே இருந்தது. "அந்த ஒரு வார்த்தை மட்டும் சார்" என்றான் எமிலியோ.

"வந்தா விரட்ட மாட்டோம்."

"சார்..."

"ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன?"

மணி ஒன்று பத்து. கெர்ஹார்டின் நெற்றியில் வேர்வை. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், அதையும் முதலில் வேண்டாம் என்றார். "இப்படி எல்லார் முன்னாடியும் எனக்கு இது வேணும்னு எப்படிப்பா சொல்றது? நல்லாவா இருக்கு?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"இவருகிட்ட அந்த வார்த்தை வராது" என்றாள் மேவிஸ். "அம்பத்தொரு வருஷமாக் காத்திருக்கேன். என்னையே வேணும்னு சொன்னதில்ல. 'சனிக்கிழமை உனக்கு வேற வேலை இல்லேன்னா சர்ச் பக்கம் வா'ன்னாரு. நான் போய்ப் பார்த்தா பாதிரியார் புஸ்தகத்தோட நிக்கிறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கெர்ஹார்டும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடியே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு உட்காரப் போனார். "விடுங்க, விண்வெளியிலேயே நல்லா இருக்கட்டும்" என்றார்.

அப்போது எனக்குள் ஏதோ அறுந்தது.

எழுந்தேன். நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்ததில் முழங்கால் சுரீர் என்றது, வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"எனக்கு வேணும்!" என்றேன். "யாருக்கு வேணுமோ வேணாமோ, எனக்கு வேணும்யா! என் ரெண்டு முட்டியும் போச்சு. மூணு மாசமா மாடிப்படியில குழந்தை மாதிரி உக்காந்து உக்காந்து இறங்கறேன். ராத்திரி பாத்ரூம் போகணும்னா அழுதுக்கிட்டே போறேன். அந்தத் தண்ணிக்குள்ள ஒரு மணி நேரம்தான் நான் மனுஷியா நடந்தேன். அதையும் ஆகாசத்துக்கு அனுப்பறீங்களா? ஒரு வார்த்தை சொல்ல வெக்கமா இருக்கா? எனக்கு வலிக்குதுய்யா! வலிக்குது!"

மூச்சு வாங்கியது. இருபத்தாறு வருஷமாக என் வாயிலிருந்து "குறை ஒண்ணும் இல்ல" தவிர வேறு எதையும் கேட்டிராத அறுபது பேரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை.

"வெர்னா" என்றார் கெர்ஹார்டு மெதுவாக. "இதை நீ ஏம்மா சொல்லவே இல்ல? போன வாரம்கூட எப்படி இருக்கேன்னு கேட்டேனே."

"ஒரு தடவைதானே கேட்டீங்க!"

கெர்ஹார்டு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எமிலியோவின் பக்கம் திரும்பி, ஏதோ பல் பிடுங்கக் கொடுப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"வேணும்" என்றார்.

"யாராவது உங்களை வற்புறுத்தினாங்களா சார்?"

கெர்ஹார்டு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இல்ல."

"மறுபடி சொல்லுங்க சார்."

"வேணும்."

"யாராவது..."

"இல்லப்பா! வேணும்!"

திரை பச்சையானது. ஆர்லோ ஒரு தடவை கைதட்டிவிட்டு, அதிகமாகிவிட்டதோ என்று பயந்து கையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். மேவிஸ் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "மூணு தடவை சொல்லிட்டாரு, பாத்தியா? கம்ப்யூட்டர் பொட்டிகிட்ட" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கெர்ஹார்டுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அவளருகில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாது. மேவிஸ் "சத்தமா!" என்றாள். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

எமிலியோ ஃபோனில் எதையெதையோ நிரப்பினான். "கடைசியா ஒண்ணு. குளத்துத் தண்ணி எத்தனை டிகிரி வேணும்?"

அறுபது பேரும் தரையைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய உபகாரம் செய்கிறவர்களிடம் டிகிரி எல்லாம் கேட்பதா? "அவங்களுக்கு எது சௌகரியமோ..." என்று ஆர்லோ இழுத்தான்.

"எண்பத்தெட்டு" என்றேன்.

"தொண்ணூறு!" என்று பின்னால் இருந்து மேவிஸ் கத்தினாள். எமிலியோ தொண்ணூறு என்று போட்டுக்கொண்டான்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது, அதாவது எல்லோரும் மறுபடியும் விடைபெறத் தொடங்கினார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெளியே ஏழு படிகள், எல்லாவற்றிலும் பனி உறைந்து கண்ணாடியாக இருந்தது. காலையில் இதே படிகளில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் ஏறியிருந்தேன். இப்போது இறங்குவது எப்படி என்று நின்றேன்.

பின்னால் செருமல் சத்தம். கெர்ஹார்டு கையை நீட்டிக்கொண்டு நின்றார். "பிடிச்சுக்கட்டுமா வெர்னா?"

பழக்கம் விடுமா? "அய்யோ வேணாம், எதுக்குச் சிர..." என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"பிடிச்சுக்கட்டுமா? பிடிச்சுக்கட்டுமா?" மிச்ச இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்தார்.

நான் கையைக் கொடுத்தேன்.